ஒற்றை ஆள் பொத்தான்

நேற்று மாலை உன் கடையின் பின்னறையில் அந்த மேசை விளையாட்டு மிஷினை ஓடவிட்டேன். படக்குழாய் சூடேறிய கொஞ்ச நேரத்தில் கண்ணாடி ஓரத்திலிருந்து ஏலக்காய் வாசம் கிளம்பியது. போடியில் ஏலக்காய் மணப்பது ஒரு செய்தியா என்று கேட்பாய். இது வேறு. ஏல நாட்களில் அந்தக் கண்ணாடியின் மேல்தான் மாதிரிக் காயைக் கொட்டிப் பரப்புவாய். அதன் தூசியெல்லாம் கைப்பிடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் கிடக்கிறது. சூட்டில் அது வறுபடும் வாசம் வந்தால் ஆட்டம் தொடங்கப் போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பாய். உன்னை ‘நீ’ என்கிறேன். அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு ஒரு முறைகூட உன்னை நான் அப்படி அழைத்ததில்லை.

கொச்சியில் ஏதோ ஒரு விளையாட்டுக் கூடத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காய் லோடு இறக்கப் போன வண்டியிலேயே அதை ஏற்றிக்கொண்டு வந்தாய். உனக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏங்க, சாப்பாட்டு மேசை கேட்டா சினிமாப் பொட்டியக் கொண்டாந்துருக்கீக?”

“சோறும் திங்கலாம், சுடவும் செய்யலாம். எந்தக் கடையில கெடைக்கும் இந்த மேசை?” என்றாய்.

கண்ணாடிக்குக் கீழே திரை. எதிரெதிராக இரண்டு பக்கமும் கைப்பிடி. கறுப்புத் திரையில் வரிசை வரிசையாக வேற்றுலகப் பூச்சிகள். பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி இறங்கி, மறுபக்கம் நகரும். கீழே நமக்கு ஒரு பீரங்கி. அதற்கு முன்னால் சில பச்சைச் சுவர்கள். மொத்த உலகமே அவ்வளவுதான். என் மாணவர்கள் இன்று கைப்பேசியில் காட்டும் விளையாட்டுகளில் காடு, நகரம், கடல் எல்லாம் இருக்கின்றன. எதிலும் எனக்கு இந்தப் பதற்றம் வரவில்லை.

காரணம் எளிது. அந்தப் பூச்சிகள் கூட்டமாக இருக்கும்வரை மந்தமாக நகரும். குறையக் குறைய வேகம் கூடும். டும் டும் என்ற அந்தச் சத்தமும் நெஞ்சுத் துடிப்புபோல விரையும். கடைசியாக மிஞ்சும் ஒன்று வெறிபிடித்து ஓடும். அதை அடிப்பதுதான் கடினம். இதை உருவாக்கியவன் மனதில் பகை வைத்துப் பழகியவனாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஆகாதவர்கள் எத்தனையோ பேர் என் நினைவிலிருந்து உதிர்ந்துபோனார்கள். மிச்சமிருக்கும் இரண்டொருவர்தான் ஓயாமல் தலைக்குள் ஓடுகிறார்கள்.

கல்லூரியில் மனம் கசந்த நாட்களில் வந்து உட்காருவேன். நீ தராசில் இருப்பாய். நான் தனியாகச் சுட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் எல்லாப் பூச்சிகளையும் அழித்துவிட்டு நிமிர்ந்தால், புதிதாக ஒரு படை இன்னும் ஒரு படி கீழேயிருந்து தொடங்கியது. சலித்துக்கொண்டேன். நீ காயைச் சலித்தபடியே சொன்னாய்: “இதுல ஜெயிக்கிறவன்னு எவனுமில்ல மாப்ளே. நல்லா ஆடுனா இன்னொரு ரவுண்டு கெடைக்கும். அம்புட்டுத்தான்.”

பிறகு பஞ்சாயத்து வந்தது. அய்யா இறந்தபின் மலைத்தோட்டத்தைப் பிரிப்பதில் அண்ணனுக்கும் எனக்கும் தகராறு. ஓடைக்கு மேலே இருக்கும் நல்ல நிழலுள்ள சரிவு யாருக்கு என்பதுதான் கேள்வி. அய்யா ஒருமுறை தோட்டத்தில் நின்று அதைப் பற்றிப் பேசியபோது நீயும் உடன் இருந்தாய். பெரியவர்கள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “மேச்சரிவு மலையில கெடந்து பாடுபட்ட மூத்தவனுக்குன்னு அய்யா சொன்னாக,” என்றாய். முடிந்தது. உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. ‘ஞாபகமில்லை’ என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எத்தனை பேருக்கு வேண்டிய நேரத்தில் ஞாபகம் இல்லாமல் போகிறது? இன்றும் எனக்கு இது ஆறவில்லை. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக இதைத் தள்ளுபடி செய்ய மாட்டேன்.

அண்ணனோடும் பேச்சை விட்டேன், உன்னோடும் விட்டேன். ஆனால் மிஷினை விட முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, கடைக்காரனோடுதான் பகை, மிஷின் என்ன செய்தது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தனி ஆள் ஆடும் பொத்தானை அழுத்தினேன். அசைவில்லை. மறுபடி அழுத்தினேன். நீ என் பக்கம் திரும்பாமல் மிஷினைப் பார்த்துச் சொன்னாய்: “ஒத்த ஆளுப் பொத்தான் செத்துப்போச்சு. சாமான் எங்கயும் கெடைக்கல. ரெண்டு ஆளுன்னா ஓடும்.” கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாய்.

பேச்சு நின்றவர்கள் சுவரையோ நாயையோ பார்த்து ஜாடையாகப் பேசுவது நம் பக்கத்தில் வழக்கம்தான். நமக்கு மிஷின் வாய்த்தது. என் பீரங்கி ஒன்று வெடித்ததும் படம் அப்படியே தலைகீழாகி உன் பக்கம் திரும்பும். உன்னுடையது வெடித்தால் மறுபடி என் பக்கம். உன் முறையில் அந்தப் படை என் ஓரத்திலிருந்து கிளம்பி உன்னை நோக்கி இறங்கும். அதைப் பார்க்க எனக்கு அப்போது இதமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

“மிசினே, படிச்ச ஆளுக செவத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சே காலத்த ஓட்டிருவாக போலயே!” என்பாய்.

“மிசினே, சில பேரு தனக்கு நெழல் தர்ற செவத்தையே சுட்டு ஓட்ட போடுறாக. சாட்சி சொல்லிப் பழகுன கையில்ல!”

“ஓட்ட வழியாச் சுட்டாத்தான் குறி தப்பாதுன்னு சொல்லு மிசினே.”

இப்படியே வருடங்கள் ஓடின. டீ சொல்லும்போது “மிசினுக்குச் சீனி கம்மியாப் போடுங்க” என்பாய். கல்லூரியில் துறைத் தலைவர் பதவியை என் தலைக்கு மேலே தூக்கி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் உன்னிடம் சொல்லியிருக்கிறது. அன்று ஆட்டத்தின் நடுவில், “அந்தக் காலேஜுக்காரங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு மிசினே,” என்றாய். அதற்குப் பிறகு நான் குறி பார்த்தது எதுவும் படவில்லை. திரை கலங்கித் தெரிந்தது.

உன் நோயையும் மிஷினிடம்தான் முதலில் சொன்னாய். “மதுரையில ஸ்கேன் எடுக்கச் சொல்லிருக்காக மிசினே.” என் முறை ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டேன். “மிசினு தனியாப் போக வேணாம். காலையில மொத பஸ்சுக்கு நானும் வர்றேன்,” என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இங்கே மிஷின் இல்லை. தேனி போயிற்று, ஆண்டிபட்டிக் கணவாய் போயிற்று, நாம் இரண்டு பேரும் வாயில் மண்ணை அடைத்ததுபோல வந்தோம். உசிலம்பட்டி தாண்டியதும் நீ சாப்பாட்டு டப்பாவை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்து, “டப்பாவே, பசிக்குதான்னு கேளு,” என்றாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். கடைசி நாட்களில் உன் கட்டில் கம்பியிடம் பேசினேன். உன்னிடம் நேராகப் பேசவில்லை. பேசினால் நீ சாகப்போகிறாய் என்று நான் ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று தோன்றியது. நீயும் விடவில்லை. “கம்பியே, காலேஜுக்கு நேரமாச்சு, சோலியப் பாக்கச் சொல்லு,” என்றாய்.

உன் தெவசத்துக்கு உன் மகள் கார்த்திகா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். மின்னணுப் படிப்பு படித்த கை. சும்மா இராமல் மிஷினின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தாள்.

“மாமா, எந்தப் பொத்தான் செத்ததுன்னு சொன்னீங்க?”

“ஒத்த ஆளுப் பொத்தான்மா.”

“அது நல்லாத்தான் இருக்கு. வயரத்தான் கழட்டி விட்டுருக்காக. நுனியில டேப்பு சுத்தியிருக்கு பாருங்க.”

குனிந்து பார்த்தேன். கறுப்பு டேப்பின் முனையைச் சின்னதாக உள்ளே மடித்து ஒட்டியிருந்தது. மாதிரிக் காய்ப் பொட்டலத்தை நீ எப்போதும் அப்படித்தான் ஒட்டுவாய். திரும்பப் பிரிக்க வசதி என்பாய். அது தானாகச் செத்த பொத்தான் அல்ல. நான் வராமல் இருந்த அந்த ஒரு வாரத்தில் நீ இதன் அடியில் படுத்துக்கொண்டு வயரைக் கழற்றியிருக்கிறாய்.

முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருடம் என்னை முட்டாளாக்கினாயே! என் கணக்கில் உன் பேரில் இன்னொரு குற்றத்தை ஏற்றினேன். கார்த்திகா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “மாட்டிவிட்டுறவா மாமா? ஒரு நிமிசம்தான்,” என்றாள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நின்றபாடில்லை.

“வேணாம்மா. அப்படியே கெடக்கட்டும்.”

“அப்ப யாரு கூட ஆடுவீங்க? நான் நாளைக்குக் கெளம்புறேன். அப்பப்ப ஓட்டலைனா மிசினு உண்மையிலேயே செத்துப்போகும்.”

அதனால்தான் நேற்று வந்தேன். தனியாக இரண்டு ஆள் ஆட்டம் ஆடுவது கொடுமை. என் பீரங்கி வெடித்ததும் படம் உன் பக்கம் திரும்பியது. அங்கே யாருமில்லை. உன் பீரங்கி அசையாமல் நின்று குண்டு வாங்கி வெடித்தது. மறுபடி என் பக்கம். மறுபடி உன் பக்கம். எழுந்து எதிர்ப்பக்கம் போய் ஆடிக் காப்பாற்றலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். காய் மாதிரியை முன்கடையில் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். முழங்கால் வலிபோல, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். மேச்சரிவு ஞாபகம் வரத்தான் செய்தது. அது போகாது. ஆனால் எனக்குள் மிச்சமாகி ஓடிக்கொண்டிருப்பது இந்த ஒரு ஆள்தான் என்பதும் தெரிந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: “ரெண்டாவது ஆளு இல்லாம இது ஓட மாட்டேங்குதே மிசினே.”

வெளியே ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு உன் ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணன் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார்.

“எனக்கு இந்த எழவெல்லாம் தெரியாது மிசினே. எங்க நிக்கணும்னு கேட்டுச் சொல்லு.”

படம் அவர் பக்கம் திரும்பியது. என் ஓரத்திலிருந்து படை கிளம்பி அவரை நோக்கி இறங்கத் தொடங்கியது.

“வெரசாச் செவத்துக்குப் பின்னாடி போகச் சொல்லு மிசினே,” என்றேன்.