நாற்பத்தொரு பென்சில் வட்டங்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அன்பு என்று எழுதியது பழக்கதோஷம். இன்று அதில் பாதிதான் உண்மை. போன் செய்தால், எதுவா இருந்தாலும் ஆபீஸ் வழியா எழுதிக் குடுக்கா என்று வைத்துவிடுகிறாய். இதோ எழுதிவிட்டேன். உன் அத்தானிடம் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். பேசமாட்டார், எழுந்தும் போகமாட்டார்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நாலாயிரம் இணைப்பு இருந்த குடிநீர் அலுவலகத்தில் இன்று முப்பதாயிரம். பேரேட்டைத் தூக்கித் தூக்கி என் தோள்பட்டை போய்விட்டது. பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை உன் கம்பெனிக்குக் கிடைத்தபோது ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டவளும் நான்தான்.

மூன்று வாரம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாயே, பேரேட்டு ஓரத்தில் பென்சில் வட்டம் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? பணம் கட்டாவிட்டாலும் அந்த வீட்டுக் குழாயை மூடக்கூடாது என்று அர்த்தம். நோயாளி இருப்பார், பச்சைக் குழந்தை இருக்கும். நிலைமை மாறினால் அழிக்க வேண்டுமே என்றுதான் பென்சில். நீ என்ன சொன்னாய்? ஸ்கேனர் அதையும் எழுத்து என்று நினைத்துக் குழம்பும், அழிச்சிடுக்கா, அப்புறம் அதுக்குன்னு தனியா ஒரு கட்டம் வெச்சுத் தரேன் என்றாய். நாலு நாள் உட்கார்ந்து என் கையாலேயே அழித்தேன். நாற்பத்தொரு வட்டம். உன் அப்புறம் இன்னும் வரவில்லை.

போன திங்கள் உன் கம்ப்யூட்டர் தானாகவே பாக்கிக்காரர் பட்டியல் எடுத்தது. என் மேஜைக்கு வராமல் நேராகக் குழாய் மூடுகிறவர் போனுக்குப் போயிற்று. வட்டங்களை எல்லாம் நான் பார்த்துக் கழித்திருப்பேன் என்று அவர் நம்பினார். மூடிய வீடுகளில் ஒன்று, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் தையல்காரருடையது. இரண்டு நாள் தண்ணீர் இல்லை. இப்போது தீவிர சிகிச்சையில் கிடக்கிறார். அவர் மனைவி கவுன்ட்டருக்கு வந்தாள். கத்தவில்லை. வட்டம் போட்டிருக்கேன்னு சொன்னீங்களேக்கா என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

கம்ப்யூட்டர் பிழை என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கம்ப்யூட்டரா அழித்தது? நீ சொன்னாய், நான் அழித்தேன்.

மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வீடுகளை எழுதிவிட்டேன். பின்பக்கம் இருக்கிறது. மிச்சம் மூன்று வரவே மாட்டேன் என்கிறது. திங்கள் காலை பத்து மணிக்கு அடுத்த பட்டியல் கிளம்பும். அதை நிறுத்தும் அனுமதி உன் கம்பெனியிடம்தான் இருக்கிறதாம். முப்பத்தெட்டை மட்டும் விலக்கிவிடுகிறேன் என்று கதை சொல்லாதே. மொத்தத்தையும் நிறுத்து. நிறுத்திவிட்டேன் என்று அத்தானிடம் கைப்பட எழுதிக் கொடு.

இன்னொன்று. ஸ்கேனுக்குப் போகாத பழைய பேரேடு ஒன்று அலமாரியில் கிடக்கிறது. அப்பாவுக்கு வேலை போன வருஷத்தது; அப்போது நீ கைக்குழந்தை. நம் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் யாரோ போட்ட வட்டம் அதில் அப்படியே இருக்கிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த மூன்று வீட்டில் இருப்பவர்களும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா