பக்கத்து வகுப்பில் உன் சிரிப்பு

ஆவூர்,
சனிக்கிழமை.

அன்பு மகள் நான்சிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் உன் சுகத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எனக்குச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி போட்டிருக்கிறாயாம், முடியைத் தோளோடு வெட்டிவிட்டாயாம். விசாலி என்று ஒரு வாண்டு, பிரேயர் மணி அடிக்கும்போது ஓடிவந்து, டீச்சர் நான்சி அக்கா கண்ணாடியில சூப்பரா இருக்காங்க என்கிறாள். அப்படியா என்று சிரித்துவைத்தேன். பெற்றவளுக்குத் தெரியாதது பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிகிறது, நல்லா இருக்குடி உன் நியாயம்.

போன செவ்வாய் மூன்றாம் பீரியட் ஏழாம் வகுப்பில் அமிலம், காரம் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புக்கும் எனக்கும் நடுவில் அதே மரத் தட்டிதானே, அந்தப் பக்கம் உன் சிரிப்பு கேட்டது. பிரமை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, உன்னோடு படித்த சுடர்விழி, இப்போது எங்களோடு வேலை பார்க்கிறாளே, அவள் தன் சொந்த டேப்லெட்டில் உன்னைக் கூப்பிட்டுவைத்து இதயப் பாடம் நடத்துகிறாள். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளும் வீட்டுப் போனைக் கொண்டுவந்து படம் பார்த்துக்கொள்ளலாமாம். அயர்லாந்து நர்ஸ் அக்கா பேசுகிறாள் என்று ஒரே கைதட்டல். முப்பத்தெட்டு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம், அதற்குள் எழுந்து தலைசீவி உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன கிடைக்கிறது, சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, டூட்டிக்கு நேரமாச்சு வைக்கவா, நாலு நிமிடம். இதயத்துக்கு நாலு அறை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரடி? அதே எட்டாம் வகுப்பில் நான்தானே? வயிறு எரிந்தது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அப்பாவிடம் சொன்னால், ஒனக்குப் பொறாம, ஒரு டம்ளர் மோர் குடி என்கிறார். அவருக்கு மூட்டுவலி தவிர வேறு கவலை கிடையாது.

மறுநாளே தலைமையாசிரியை பொற்கொடியிடம் போனேன். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளை கையைப் பார்த்து ஏங்குகிறார்கள் என்றேன். பொய் இல்லை, ஆனால் நான் போனது அதற்காக இல்லை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நீங்களே எழுதிருங்க என்று சுற்றறிக்கை நோட்டைத் தள்ளினார்கள். ஆசிரியரோ மாணவரோ சொந்தக் கருவி எதையும் வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று என் கையாலேயே எழுதினேன். சுடர்விழி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வியாழன் காலையில் டேப்லெட்டை என்னிடமே நீட்டி, வெளியில வச்சா தொலஞ்சிரும் டீச்சர், சாயந்தரம் வரைக்கும் ஒங்க பீரோவுல இருக்கட்டும் என்றாள். பிள்ளைகளிடம் பிடுங்கிய போன்களோடு அதையும் வைத்துப் பூட்டினேன்.

அன்று நாலு மணிக்குப் பீரோவுக்குள் மணி அடித்தது. திறந்தால் டேப்லெட்டில் உன் பெயர், முகம் தெரியாத வெறும் கால். சுடர்விழி பஸ் ஏற்றிவிடப் பிள்ளைகளோடு கேட்டுக்குப் போயிருந்தாள். நான் எடுத்திருக்கக் கூடாது. இவளிடம் அப்படி என்னதான் பேசுகிறாய் என்று கேட்கத்தான் எடுத்தேன். ஹலோ சொல்வதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். சுடரு, வர்ற செவ்வாயும் மூணாவது பீரியடே வையிடி, மாத்திராத. பக்கத்து கிளாஸ்ல எங்கம்மா வாயில வெரல வையின்னு அதட்டுச்சு பாரு, அதக் கேக்கலாம்னுதான் அந்நேரத்துக்கு எந்திரிக்கிறேன். போன்ல பேசுனா சீக்காளி மாதிரி மெதுவாப் பேசுது, எனக்குப் பயமா இருக்கு. கிளாஸ்லதான் அது அதுவா இருக்கு. கண்ணாடி போட்டத மட்டும் சொல்லிராத, பவர் என்னன்னு கேட்டு அழுகும். இவ்வளவும் சொல்லிவிட்டு ஹலோ ஹலோ என்று கத்தினாய், நெட் சரியில்லை என்று வைத்துவிட்டாய். நெட் நன்றாகத்தான் இருந்தது, நான்சி. அது சுடர்விழி இல்லை, நான். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று நோட்டைக் கேட்டு வாங்கி, நான் எழுதியதை நானே அடித்தேன். போன் இல்லாத பிள்ளைகளையும் சேர்த்து மூன்று பேருக்கு ஒரு போன் என்று உட்காரவைக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவைத்தேன். அன்றும் பீரோவில் பூட்டிவைத்திருந்த டேப்லெட்டைச் சுடர்விழியிடம் கொடுத்து, என் மேல தப்புதான்டி என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தட்டிய எடுத்துட்டு ரெண்டு கிளாசையும் ஒண்ணா ஒக்கார வச்சிரலாமா டீச்சர் என்றாள். தட்டி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைக்காதே, கீறல் விழும். பவர் எவ்வளவு என்று மறக்காமல் சொல், அழ மாட்டேன். சவேரியார் துணையிருந்து உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு நாற்பது நிமிடம் வேண்டும், அவளுக்கு முப்பத்தெட்டு என்றால் எனக்கு நாற்பது. இது உன் கைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று செவ்வாய் போயிருக்கும். தட்டிக்கு இந்தப் பக்கம் என் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாவம், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து வகுப்பு டீச்சர்,
உன் அம்மா.