வாதம் என்ற பெயர்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவில் நான் நல்ல சுகம். நீங்களும் உம்மாவும் சுகமா?

சென்ற கிழமை எங்கள் கன்டீன் சமையற்காரர் றிப்ஷான் காக்காவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, கை சோர்ந்துவிட்டது. “வாதம்தான் புள்ள, எண்ணெய் பூசினாச் சரியாகும்,” என்றார். பாரிசவாதம் என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது, மூட்டுவாதம் போல ஏதோ என்று நினைக்க வைக்கிறது. அவருக்கு அடைத்திருந்தது மூளைக்குப் போகும் இரத்தக்குழாய். உடனே அம்புலன்ஸை அழைத்ததால் தப்பினார். இப்போது நடக்கிறார், என் தேநீரைக் குறையும் சொல்கிறார்.

தலையிடித்தால் மட்டும் நீங்கள் பிரஷர் குளிசை போடுவதாக உம்மா சொன்னார். காக்காவும் அப்படித்தான். அன்று அவருக்குத் தலையிடியே இருக்கவில்லை. தினமும் போடுங்கள் வாப்பா. உப்பு பிரஷருக்குக் கூடாது, வீட்டிலுள்ள கருவாட்டை எனக்கு அனுப்பிவிடுங்கள்.

காலையில் குளிசை போட்டதும் ஒரு மிஸ்கோல் தாருங்கள். எடுக்கமாட்டேன், உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன்.

பஸ் வந்துவிட்டது.

மகள் இன்ஷிரா