லில்லிக்குட்டி சேச்சி சொடுக்கிய வரி

ஜூன் 7, 2004, திங்கள்

காலையில் கோட்டயம் ஆபீஸ் அமளிதுமளி. நம் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தில், இறந்துபோன வர்கியின் பெயருக்கு மேல் அவறாச்சனின் படம். அவறாச்சனோ குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். எண்பதாம் பிறந்தநாள் வாழ்த்துக்காகக் கொடுத்த படம் அது. வாசலில் நின்று கத்தினார்: "எடா, என் அடக்கத்துக்கு ஆள் வந்து பந்தல் போடறான்! நான் இன்னும் கஞ்சியே குடிக்கல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

படத்தைப் பக்கத்துக்கு அனுப்பியவர் எங்கள் ஆபீஸ் லில்லிக்குட்டி சேச்சி. "மாதா சத்தியமா, நான் வர்கி மேலதான் கிளிக் பண்ணேன்" என்றார். நிர்வாகி ரஞ்சினி மேடம் என்னைப் பார்த்தார். படம் அனுப்பும் மென்பொருள் நான் எழுதியது. அது தானே குறித்துவைக்கும் பதிவைத் திறந்து காட்டினேன். தேர்வான வரி: அவறாச்சன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம்" என்றேன். என்ன திமிர் எனக்கு!

ஜூன் 8

விசாரணை முடியும்வரை சேச்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருட வேலை.

ஜூன் 10, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் சேச்சியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் மரம்போல் கிளை கிளையாக விரியும் பட்டியல்; கிளையைத் திறந்தால் பெயர்கள். வாழ்த்துக் கிளையில் ஒரு பெயரை இடது பொத்தானால் சொடுக்கினேன். வரி நீலமானது; தேர்வாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு மரணக் கிளையில் வேறொரு பெயர்மேல் வலது பொத்தான். மெனு அந்தப் பெயரை ஒட்டியே திறந்தது. அதில் 'பக்கத்துக்கு அனுப்பு' என்பதைச் சொடுக்கினேன். போனது எது? முதலில் நீலமானது.

ஐயோ! வலது சொடுக்கு வரியைத் தேர்வு செய்வதே இல்லை. அதை நான் எழுதவே மறந்திருக்கிறேன். சுட்டி எந்த வரியில் இருக்கிறதென்று கேட்காமல், எது நீலம் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். பதிவும் அதைத்தான் எழுதியிருக்கிறது. சேச்சி சொன்னது சத்தியம்.

நிரலில் இரண்டே வரி. திருத்திவிட்டேன். யாருக்கும் தெரியாது — அதுதான் கேவலம்.

ஜூன் 11

சொல்லவில்லை.

ஜூன் 13, ஞாயிறு

தேவாலயத்தில் சேச்சி. "உன் அம்மைக்கு மூட்டுவலி எப்படி இருக்கு மோனே?" என்று கேட்டார். என்னிடம் போய்! தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூன் 14

மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

"எப்பத் தெரியும் ஜோமோன்?"

"வியாழக்கிழமை."

"அப்போ நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்தே?"



ஜூன் 21

சேச்சி வேலைக்கு வந்துவிட்டார். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். ஒவ்வொரு படத்தையும் அனுப்புவதற்கு முன்னால் கூப்பிடுகிறார்: "மோனே, இங்க வா. இவரு செத்தவர்தானே? நீயே பாத்துச் சொல்லிடு."

இன்று இருபத்திரண்டு தடவை. இருபத்திரண்டு தடவையும் எழுந்து போனேன்.