காக்கைகள் பார்த்த முகம்

மார்ச் 4
உளவுத் துறையிலிருந்து ஒருவர் ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்துவிட்டார். காக்கைகளைப் பார்க்க மரத்தில் நான் கட்டியிருக்கும் கேமராக்களில் எதிரே உள்ள செவிலியர் சங்கத்தின் வாசலும் விழுகிறதாம். அங்கே யார் யார் வருகிறார்கள் என்று தெரிய இரண்டு வருடப் படங்களும் வேண்டுமாம். வேலைநேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் பெண்கள், அவ்வளவுதான். "ஆணை கொண்டு வாங்க சார், பார்க்கலாம்" என்றேன்.

மார்ச் 9
ஒரு கேமராவின் மெமரி கார்டைக் காணோம். பக்கத்துக் கேமராவில் மரமேறும் ஆள் தெரிகிறான் — முகத்தில் என் முகமூடி! காக்கை பிடிக்கும்போது நான் மாட்டிக்கொள்வது அது. பிடித்தவர் முகத்தை அவை மறப்பதில்லை; அந்தக் கோபம் என் முகத்தின்மேல் விழக் கூடாதே. ஷெட்டில் ஆணியில் தொங்கியதை, கேமராவுக்கு முகம் காட்டாமலிருக்க எடுத்திருக்கிறான். ஊரிலேயே காக்கைகளுக்கு ஆகவே ஆகாத முகம்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மரத்தடியில் முகமூடி கிடந்தது, பட்டை அறுந்து, எச்சம் அப்பி. கொத்து தாங்காமல் கழற்றி வீசிவிட்டு ஓடியிருக்கிறான். கேமராவில் அது விழவில்லை. ஆனால் காக்கைகள்? அவன் சொந்த முகத்தைப் பார்த்திருக்குமே.

ஏப்ரல் 2
மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் தங்கமான மனிதர் என்று என் கணவருக்கு ஒரே புகழ்ச்சி. அதற்குள் செஸ் கூட்டாளி.

ஏப்ரல் 5
மாடிக்காரர் வெளியே கிளம்பினாலே காக்கைகள் கூடிக் கத்துகின்றன. எங்கள் வீடு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பின்தெருதான், அதே காக்கைகள்தான். தற்செயலா?

ஏப்ரல் 6
தற்செயல் இல்லை. தொப்பி போட்டுப் போனார், கத்தின. கறுப்புக் கண்ணாடி, கத்தின. கூடவே நடந்த என் கணவரை ஒன்றும் செய்யவில்லை. 'வாலறுந்தவள்' என்று நான் கூப்பிடும் காக்கை மாடிக்காரரின் மண்டையைத் தட்டிவிட்டே போனாள். எனக்குள்ளே இருப்பது பயமா, சந்தோஷமா? இரண்டும்தான்.

மரமேறியவர் இவர்தான் என்று கணவரிடம் சொன்னேன். "காக்கா கத்துதுன்னு ஒரு மனுஷனைச் சந்தேகப்படுவியா?" என்றார். சற்றுக் கழித்து, முகம் வெளுத்து, "உன் கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுன்னு அவர்கிட்ட சொன்னேன். நாளைக்கு வந்து சரிபண்ணித் தரேன்னாரு."
அடப்பாவி மனுஷா.

மாலை: படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், பிரதிகள் உட்பட. அந்தப் பெண்களின் முகங்களோடு என் இரண்டு வருடமும் போயிற்று. படமில்லாத ஆய்வை யார் ஏற்பார்கள்? அழுதேன். இவர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 8
கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, வர வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டோம். இன்று மாடி காலி. இவருடைய செஸ் போர்டும் போயே போச்சு.

ஜூன் 21
பழைய மாடிக்காரர் சங்கத்துக்கு எதிரே செய்தித்தாள் படிக்கிறார். தலைக்கு மேலே காக்கை மாநாடு. குஞ்சுகளும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. இப்போதெல்லாம் சங்கத்துப் பெண்கள் மரத்தில் காக்கைகள் கத்துகின்றனவா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கே வருகிறார்களாம்.

ஜூலை 19
ஆணையோடு வந்தார்கள், மூன்று பேர். கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை என்று கண்டதும் பெரியவர், "ரெண்டு வருஷ உழைப்பை நீங்களே அழிச்சிட்டீங்களேம்மா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

மூன்றாமவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. புது மீசை, மொட்டைத் தலை. வாசலில் இறங்கியதும் மதிலில் தனியாக இருந்த குஞ்சு ஒன்று அவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. அதன் வாய்க்குள் குஞ்சுச் சிவப்புகூட இன்னும் மாறவில்லை. அவர் மரமேறியபோது இது முட்டையாகக்கூட இல்லை! பெரிய காக்கைகள் கத்தியதைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறது. அழித்த படங்கள் எதிலும் இப்படி ஒரு காட்சி கிடையாது.

"சார், ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க" என்று கேமராவை எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். குஞ்சு கத்துவதை நிறுத்தவில்லை.