கண்ணாடி மாதிரி

மார்ச் 4, செவ்வாய்

கால் கடுக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் குட்டி டிராக்டர் இன்று பட்டறைக்கு வந்தது. கியர் இல்லாத வண்டி. மிதியை அழுத்தினால் பம்பு எண்ணெயைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் சக்கரம் சுற்றும். எண்ணெய் ஆறியிருக்கும்வரை ஒழுங்காக ஓடுகிறது. சூடானால் மேடு ஏறுவதில்லை, உறுமல் மட்டும்தான்.

தோட்டக்காரர் புலம்பினார். "படுத்திருக்கறவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா. பாக்க வர்றவங்கதான் புல்லுக்குள்ள பேரைத் தேடிக்கிட்டு என்னைத் திட்டுறாங்க."

எங்கள் மெக்கானிக், "கிளட்ச்சே இல்லையாம், இதெல்லாம் ஒரு வண்டி!" என்றார். இப்படித் திட்டித் திட்டியே அவருக்குக் கிளட்ச் அண்ணன் என்று பெயர்.

மார்ச் 6, வியாழன்

பிரித்தாயிற்று. பழைய எண்ணெயில் ஜிகினாத் தூள்போல உலோகம் மினுங்கியது. பம்பின் உள்ளே இருக்கும் பித்தளைத் தட்டில் வட்ட வட்டமாகக் கீறல். அதன் வழியாகத்தான் அழுத்தம் கசிகிறது. புதுத் தட்டு வர இரண்டு மாதம் ஆகும். "இருக்கறதையே சரி பண்ணுங்க" என்றார் பட்டறை முதலாளி மேடம்.

செய்முறைப் புத்தகம் ஆங்கிலத்தில். நான் வேலைக்குச் சேர்ந்தது பில் போட; ஆனால் புத்தகம் என்றால் "டிகிரி, வா" என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். ஆங்கிலத்தில் எழுதியது எதுவானாலும் எனக்குத் தெரியும் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

'லேப்' என்று ஒரு சொல். மடி என்று படித்திருக்கிறேன். பித்தளைத் தட்டுக்கு ஏது மடி? பக்கத்திலேயே கண்ணாடி என்றும் இருந்தது. கிளட்ச் அண்ணன் எண்ணெய்க் கையோடு காத்துக்கொண்டு நின்றார். தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஊகத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'தட்டின் முகம் கண்ணாடி மாதிரி ஆகும்வரை மெருகேற்றவும்.'

"அழகா எழுதுற" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

பாலிஷ் சக்கரத்தில் பிடித்துத் தட்டைப் பளபளவென்று ஆக்கிவிட்டார். "டிகிரி, பவுடர் போடணும்னா வா, மூஞ்சி தெரியுது!"

மார்ச் 11, செவ்வாய்

வண்டி தோட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. பில் போட்டேன்.

மார்ச் 12, புதன்

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அரை மணி நேரம்கூட ஓடவில்லை. மேட்டில் நின்று, பின்னோக்கி உருண்டு, ஒரு கல்லறையின் மூலையைப் பெயர்த்திருக்கிறது. தோட்டக்காரர் குதித்துத் தப்பினார்.

மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். "உங்களுக்குக் கை போயிடுச்சுண்ணே. நாளையிலேருந்து வண்டி கழுவற பக்கம் பாத்துக்கங்க."

கிளட்ச் அண்ணன் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்துப் பிரித்தார். "எழுதியிருந்தபடிதான்மா செஞ்சேன்." மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப கைதான்."

மார்ச் 13, வியாழன்

அகராதியில் பார்த்தேன். 'லேப்' என்றால் தேய்த்துச் சமதளமாக்குவது. சமமான கண்ணாடியின் மேல் நைஸான உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, தட்டைக் கையால் தேய்க்க வேண்டுமாம். கண்ணாடி மேல். நான் எழுதியது கண்ணாடி மாதிரி. பாலிஷ் சக்கரம் விளிம்பை மழுக்கிவிட்டது. சூட்டில் இளகிய எண்ணெய் அந்த வழியே ஓடிவிடுகிறது.

ஒரு சொல். ஒரே ஒரு சொல் —

மார்ச் 14, வெள்ளி

சொல்லவில்லை. கிளட்ச் அண்ணன் குழாயும் கையுமாக நிற்கிறார். நடுவில் தண்ணீரை நிறுத்திவிட்டு, வலது கையை மூடித் திறந்து மூடிப் பார்க்கிறார்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "உன்னை யாராச்சும் கேட்டாங்களாடி? பர்மனென்ட் ஆகற நேரம். வாயை மூடிக்கிட்டு சும்மா இரு." அவள் சொல்வதும் நியாயம்தானே? நியாயமா?

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன். புத்தகத்தின் பக்கத்தை மேடம் முன்னால் வைத்து விரலால் காட்டினேன்.

"காலேஜ் படிச்சவதானே நீ?"

"இந்த வார்த்தை தெரியாது மேடம்."

பர்மனென்ட் இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போயிற்று. அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கழுவும் பக்கம் போய் அவரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "அப்ப கை போகலையா?" என்று கேட்டார். இல்லண்ணே என்றேன். மறுபடியும் கேட்டார். அதற்குப் பிறகுதான் திட்டினார். "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா? அந்தாளு செத்திருப்பாரே! அங்கேயே பொதைச்சிட்டு வந்திருப்போமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

மார்ச் 17, திங்கள்

என் மேஜைக் கண்ணாடியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நாள் முழுக்கக் கிளட்ச் அண்ணன் எட்டுப் போடுவதுபோலத் தேய்த்தார். நான் துடைத்து, நீல மை தடவிக் கொடுத்தேன். ஓரம் எங்கே படவில்லை என்று மை காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாலையில்தான் முகம் முழுக்க ஒன்றுபோலப் படிந்தது. பளபளப்பே இல்லை, மங்கல் பித்தளை. தடிமனை அளந்தார், இனி ஒரு முறை தேய்க்க இதில் உலோகம் இல்லை.

அவருக்குத் தோள் வலி. எனக்கும். இதைப் பூட்டி, ஓட்டிக் காட்டினால்தான் அவருக்குப் பழைய இடம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 20, வியாழன்

காலை முழுக்க ஓட்டி எண்ணெயை நன்றாகச் சூடாக்கிவிட்டு மேட்டுக்கு விட்டோம். கிளட்ச் அண்ணனே உட்கார்ந்தார். தோட்டக்காரர் தூரமாகவே நின்றார். ஏறியது. நடுவில் நிறுத்தி, மறுபடி எடுத்தார். ஏறியது.

திரும்பினோம். எல்லோருக்கும் அலுப்பு.

மார்ச் 26, புதன்

இன்று வேறொரு வண்டி. புத்தகத்தோடு போனேன். கிளட்ச் அண்ணன் தன் பழைய இடத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இன்னொன்றை என் பக்கம் காலால் தள்ளினார்.

"தமிழ் அப்புறம். முதல்ல இங்கிலீஷ்ல இருக்கறதை இருக்கற மாதிரியே படி. புரியலைன்னா ரெண்டு பேரும் சேந்து முழிப்போம்."

நான்காவது வரியில் ஒரு சொல். தெரியாதுண்ணே என்றேன். டீ வரும்வரை முழித்தோம்.