எலி என்று எழுதிவிட்டார்கள்

மார்ச் 3, திங்கள்

இன்றும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆய்வேட்டின் மூன்றாவது இயலை இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் கொடுக்காவிட்டால் என் பதிவே ரத்து. நெறியாளர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பாத்துக்கம்மா, இனிமே என் கையில ஒண்ணும் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னால் உண்மையிலேயே கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

பழைய குடும்ப இதழ்களின் கேள்வி-பதில் பகுதிக்குத் தாய்மார்கள் எழுதிய கடிதங்கள்தான் என் ஆய்வு. எழுபது வருடத்துக்கு முன் ஒருத்தி, "குழந்தை தும்மினாலே பயமாக இருக்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறாள். குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தேன். பக்கத்தில் என் பிள்ளை தும்மினான். தெர்மாமீட்டரைத் தேடப் போனவள் பேனாவை மூடவே இல்லை.

பல்கலைக்கழக நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கலாம்தான். ஆனால் பத்து மாதக் குழந்தையை விட்டுவிட்டா? நாத்தனார் வேலை தேடிக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறாள். "நான் பாத்துக்க மாட்டேனா அண்ணி? எனக்கென்ன கை இல்லையா?" என்கிறாள். இருக்கிறது. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் போன். அதுதான் பயம்.

எனவே நெறியாளரிடம் சிறப்புக் கடிதம் வாங்கி, ஒரு வருடத்து இதழ்களைச் சேர்த்துத் தைத்த தொகுப்பை மூன்று நாளைக்கு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பழைய இதழ்கள் பிரிவின் மேடம் (யாரும் பேசாதபோதும் "உஷ்" என்பார், எனக்கு அவர் உஷ் மேடம்) அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "உலகத்துலயே இது ஒண்ணுதாம்மா இருக்கு."

மார்ச் 5, புதன்

கடித்துவிட்டான்.

மார்ச் 5, மறுபடியும்

இரண்டு நிமிடம். பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்குப் போன இரண்டே நிமிடம். அட்டையின் மூலையும் அதன் கீழே பதினொரு பக்கங்களின் மூலையும் போயிற்று. எழுத்துக்குச் சேதமில்லை, ஓரம்தான். மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கு பல்லும் அச்சு வார்த்தது போல விழுந்திருக்கிறது.

வாயில் விரலை விட்டுத் துழாவினேன். ஒரு துண்டு கிடைத்தது. மற்றது உள்ளே. பழைய காகிதம் விஷமா? பழைய மை? குழந்தை மருத்துவருக்குப் போன் செய்தேன். "எத்தனை பக்கம் சாப்பிட்டான்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

"நேரா போய்ச் சொல்லிடு. தலையையா வாங்கிடுவாங்க?" என்கிறார் கணவர். தலை வேண்டாம், நூலக அட்டையை வாங்கிக்கொண்டால்? அடுத்த நான்கு தொகுப்பும் அங்கேதானே இருக்கிறது!

மார்ச் 6, வியாழன்

சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். கடித்த பக்கம் என் பக்கம் இருக்குமாறு மேசைமேல் வைத்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்காக. அதற்குள் உஷ் மேடத்துக்குப் போன் வந்தது. வைத்துவிட்டுப் போ என்று கையைக் காட்டினார். போய்விட்டேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

காகிதம் மாலையில் வெளியே வந்துவிட்டது. நலம்.

மார்ச் 10, திங்கள்

அடுத்த தொகுப்பைக் கேட்கப் போனேன். கதவில் அறிவிப்பு: "எலித் தொல்லை காரணமாகப் பழைய இதழ்கள் பிரிவு மறு அறிவிப்பு வரை மூடப்பட்டுள்ளது."

எலியா?

மார்ச் 12, புதன்

வேறு வழியே இல்லையா என்று இரண்டு நாளாக நூலகத்தைத் தலைகீழாகப் புரட்டினேன், குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு. இதழ்களைப் பொடிப்பொடியாகப் படமெடுத்த சுருள்கள் இருக்கின்றன. அதைப் பெரிதாக்கிக் காட்டும் இயந்திரத்துக்குப் பல்பு இல்லை. கணினியில் ஏற்றிய தொகுப்பு இருக்கிறது. படமெடுத்தவரின் கட்டைவிரல் கேள்வி-பதில் பகுதிமேல் ஒவ்வொரு இதழிலும் படுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல சதைப்பிடிப்பான விரல். வேறு நூலகத்திலிருந்து நகல் வரவழைக்க விண்ணப்பித்தேன். பதில் வந்தது: "இது தங்கள் நூலகத்தில் மட்டுமே உள்ளது. எங்களுக்கும் ஒரு நகல் அனுப்பினால் நன்றியுடையோம்."

மார்ச் 14, வெள்ளி

பூட்டிய கதவுக்கு வெளியே எலி பிடிப்பவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒரு எலியைப் பாத்ததில்ல. பொறியில தேங்காய் வெச்சேன், தொடல. கருவாடு வெச்சேன், தொடல. பெரிய அறிவாளி!"

உள்ளே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"பல்லு வேற எட்ட எட்ட இருக்கு. எலியாவே இருக்காது, பெருச்சாளிதான். அதுலயும் அவலட்சணமான பெருச்சாளி."

இதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்னும் பதினான்கு நாள். எலி பிடிபடும்வரை திறக்க மாட்டார்களாம். எலி என் வீட்டுக் கூடத்தில் தவழ்ந்துகொண்டிருக்கிறது.

நாத்தனார் சொல்கிறாள்: "பேசாம கடையில ஒரு எலி வாங்கி உள்ள விட்டுடலாம் அண்ணி." ஐந்து நிமிடம் அதை யோசித்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில், எச்சில்கூட விழுங்காமல்.

உஷ் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "உன் குழந்தையா?"

"ஆமா மேடம்."

"ஏம்மா, பிரிவைத் திறக்க வைக்கணும்னு பெத்த பிள்ளை மேலயே பழியைப் போடுறியா?"

அழுகையே வந்துவிட்டது. யாருமே பாக்காத எலியை நம்பினாங்க. உண்மையைச் சொல்றேன், நம்பல! போதாக்குறைக்கு எலி என்று நூலகக் குழு கையெழுத்துப் போட்டு அறிக்கை மேலே போய்விட்டதாம். மாற்ற வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும்.

"நாளைக்குக் கூட்டிட்டு வா" என்றார்.

மார்ச் 19, புதன்

கிழிந்த புத்தகங்களைச் செப்பனிடும் அறை. உஷ் மேடம், செப்பனிடுபவர், எலி பிடிப்பவர், நான், நாத்தனார். மேசைமேல் என் பிள்ளை, குற்றவாளிபோல. செப்பனிடுபவர் சுத்தமான புது அட்டை ஒன்றை நீட்டினார். "கடி ராஜா."

கட்டில் கால், செருப்பு, ரிமோட், அப்பாவின் பெல்ட் என்று எதையும் விட்டுவைக்காத பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டான். அட்டையை ஆட்டிக் காட்டினார்கள். மாட்டேன் என்றான். நாத்தனார் தானே கடித்துக் காட்டினாள். அப்போதும் மாட்டேன் என்றான். நான் கெஞ்சினேன்: "கடிடா கண்ணு, அம்மாவுக்காக ஒரே ஒரு கடி." கடிக்காதே என்பதைத் தவிர அந்த வாயிடம் நான் இதுவரை வேறு எதுவும் சொன்னதில்லை.

"நான்தான் சொன்னேனே, பெருச்சாளின்னு" என்று எலி பிடிப்பவர் குனிந்து அவன் கன்னத்தைத் தட்டினார். அடுத்த கணம் "ஐயோ!" என்றார்.

மணிக்கட்டில் நான்கு பல். செப்பனிடுபவர் அளவுகோலோடு ஓடிவந்தார். "கையை அசைக்காதீங்க... அதேதான் மேடம்! அதே இடைவெளி!"

"உஷ்" என்றார் மேடம். ஆனால் அவர் தோள் குலுங்கியது.

மார்ச் 21, வெள்ளி

பிரிவு திறந்துவிட்டது. எனக்கும் ஆணை வந்தது: ஓர் ஆண்டுக்கு எந்தத் தொகுப்பையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பத்து முதல் ஐந்து வரை. குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

"தண்டனையைப் பாரு அண்ணி! ஏழு மணி நேரம் உக்காந்து படிக்கணுமாம்" என்று சிரிக்கிறாள் நாத்தனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு மணி நேரமா?

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்குப் பதினாறு முறை போன். மூன்று பக்கம் எழுதினேன்.

மார்ச் 26, புதன்

ஐந்து முறை. ஒன்பது பக்கம். ஐந்தாவது தடவை நாத்தனார், "அண்ணி, அவன் தூங்குறான், நீங்கதான் எழுப்புறீங்க" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

போனைப் பையிலேயே மறந்துவிட்டேன். இரண்டு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. பதறி எடுத்தால், வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை.

மார்ச் 31, திங்கள்

கொடுத்துவிட்டேன். அறுபத்துமூன்று பக்கம். நெறியாளர் எடைபார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் மடியில் உட்கார்ந்து வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான். தூக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பழத்தைப் பார்த்து அவள் பக்கமே திரும்பிக்கொண்டான். கொடுத்துவிட்டேன்.

"நாளைக்கு வீட்டுலதானே அண்ணி?"

நாலாவது இயலுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பதேகாலுக்குக் கிளம்பினால்தான் ஜன்னலோர மேசை கிடைக்கும்.